அடுப்படிக்கு ஒரு ஸ்பீக்கர்

எங்கள் தெருவில் மரியசூசையின் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. ஆளைப் பார்த்தவர்கள்தான் குறைச்சல்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். காரைக்கால் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், தெருவுக்கே சோப்பும் மிட்டாயும் கொடுப்பார், திரும்பிப் போய்விடுவார். மற்ற நாட்களில் அவர் எங்கள் கோட்டுச்சேரிக்குக் கேசட்டில்தான் வந்துகொண்டிருந்தார். அவர் மனைவி இசபெல்லாவின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிர். நான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. மங்கையர்க்கரசியிடம் வாயைக் கொடுக்காதே என்று ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவைப்பார்கள். இசபெல்லாவிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. அவள் என்னிடம் எல்லாவற்றையும் பேசினாள்.

அவள் காரைக்கால் டவுனில் ஒரு தையல்காரரின் மகள். கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் புருஷன் விமானம் ஏறிவிட்டார். பிறகு ஒரே பெண், ஆரோக்கியசெல்வி. மற்ற சொல்தா மனைவிகளில் பலர் பிரான்சுக்கே குடிபோனார்கள். இவள் போகவில்லை. மாமியார் ஞானமேரி விடவில்லை என்பதுதான் நிஜம். நிலத்தை யார் பார்ப்பது, மாட்டை யார் பார்ப்பது, என்னை யார் பார்ப்பது என்று அந்த அம்மாள் வரிசையாகக் கேட்டால் யாருக்கும் பதில் வராது. ஆனால் இசபெல்லா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்கிற ரகம் இல்லை. காரைக்கால்மேட்டிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரியிடம் பேரம் பேசி, கடைசியில் அவளையே சிரிக்கவைத்து அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வதாகச் சொல்வாள். என் சாமி எனக்குப் போதும் என்பேன். கூட ஒரு சிபாரிசு இருந்தால் என்ன கெட்டுவிட்டது என்பாள்.

எழுபத்தெட்டில் மரியசூசை ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு கடிதம் குறைந்து கேசட் வர ஆரம்பித்தது. லீவில் வரும் வேறொரு சொல்தா பையில் போட்டுக் கொண்டுவருவார். கேசட் வந்த சாயங்காலம் அந்த ஓட்டு வீட்டில் நிற்க இடம் இருக்காது. மரியசூசை மைக்குக்கு முன்னால் பிரமாதமாகப் பேசுவார். பனி கொட்டுவதும், ரொட்டிக்கு வரிசையில் நிற்பதும், பட்டாளத்துச் சமையல்காரன் அரிசியைக் கூழாக்குவதும் நமக்குக் கண்ணெதிரில் நடப்பதுபோல இருக்கும். அம்மாவை விசாரிப்பார். தம்பி லூர்துநாதனை, கன்று போட்ட பசுவை, எதிர்வீட்டு மங்கை அக்காவை என்று ஒருவரை விடமாட்டார். கடைசியில், இசபெல்லா, உடம்பைப் பார்த்துக்கொள் என்பார். அத்தோடு அந்தப் பக்கம் முடிந்துவிடும்.

மறு பக்கம் மனைவிக்கு. சொல்தா வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. முதல் பக்கம் ஓடி முடிந்ததும் வேலை கிடக்கிறது என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். மறு பக்கத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. பெரிய வீட்டுக்காரர்களுக்கு இது சரி. இசபெல்லா வீட்டில் இருந்தது ஒரு கூடம், கதவில்லாத ஓர் உள்ளறை, அதற்கு ஒரு திரைச்சீலை. அவள் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, காதை அதில் ஒட்டவைத்துக் கேட்பாள். திரைக்கு இந்தப் பக்கம் குடும்பமே மூச்சை அடக்கிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கும். ஒருமுறை கேசட்டுக்குள் அவர் எதற்கோ சிரித்துவிட்டார். கூடத்திலிருந்து மாமியார், எதற்கடி என் மகன் சிரிக்கிறான் என்று கேட்டுவிட்டாள். இசபெல்லாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இனிமேல் மறு பக்கத்தில் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவரும் விட்டுவிட்டார். அதன்பிறகு வந்த கேசட்டுகளில் மறு பக்கத்தை ஓடவிட்டால் வெறும் இரைச்சல்தான்.

அந்த இரைச்சலையும் அவள் சில நாள் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியும்.

“அவங்க பேசறத நான் மட்டும் ஒரு தடவ நிம்மதியா கேக்கணும்க்கா,” என்றாள் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே. “பெருசா வேற ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல.”

எண்பத்தொன்றில் லீவில் வந்த மரியசூசை ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு தளம் போட்ட மெத்தை வீட்டுக்குக் கடைக்கால் போட்டார். அந்தத் தடவை அவருடைய ட்ரங்குப் பெட்டியில் கம்பளிக்குள் சுற்றி நான்கு ஸ்பீக்கர்கள் வந்திருந்தன. இரண்டு பெரியவை, இரண்டு வெற்றிலைத் தட்டு அளவு. கூடவே ஓர் ஆம்ப்ளிஃபயர். அங்கே ஒரு கேப்டன் வீட்டு விருந்துக்குப் போனாராம். பாட்டு கேட்கிறதாம், பெட்டியைக் காணவில்லையாம். பார்த்தால் சுவருக்குள்ளும் மேல்தளத்துக்குள்ளும் ஸ்பீக்கரைப் புதைத்து, மேலே சல்லடை மாதிரி ஒரு மூடி போட்டிருக்கிறார்களாம். அதே மாதிரி தன் வீட்டிலும் வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. சுவர் இடுப்பளவு எழும்பும்போதே லீவு முடிந்தது. எங்கெங்கே வைப்பது என்பதை நீயே பார்த்துக்கொள் என்று இசபெல்லாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் அவள் பொறுப்பில் விட்ட முதல் பெரிய காரியம் அதுதான்.

தளம் போடுவதற்கு முன்னால் முடிவு தெரிய வேண்டும் என்று மேஸ்திரி சுப்ராயன் நாள் குறித்துவிட்டார். கம்பி கட்டிக் கான்கிரீட் கொட்டிவிட்டால் பிறகு ஆண்டவனே வந்தாலும் தளத்தில் ஓட்டை போட மாட்டேன் என்றார். வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று ஸ்பீக்கரைப் பற்றி அபிப்பிராயம் வந்துவிட்டது. மாமியாருக்குக் கூடத்தில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். கொழுந்தன் லூர்துநாதனுக்கு வாசல் வராந்தாவில் ஒன்று வேண்டும். தெருவில் போகிறவன் நின்று கேட்டுவிட்டுப் போகாவிட்டால் ஸ்பீக்கர் வைத்து என்ன பிரயோசனம் என்பது அவன் கட்சி. பெரியவை இரண்டும் கூடத்துச் சுவருக்கு, சிறியதில் ஒன்று வராந்தாவின் மேல்தளத்துக்கு என்று பேசி முடித்தார்கள். மிச்சம் ஒன்று.

மின்சார வேலைக்கு இளையபெருமாளைப் பிடித்தார்கள். அவர் மைக் செட்காரர். கோட்டுச்சேரியிலிருந்து பூவம் வரை எந்தக் கல்யாணமானாலும், மாரியம்மன் திருவிழாவானாலும், மாதா கோயில் கொடியேற்றமானாலும் மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது அவர்தான். அவர் ஸ்பீக்கரைக் கையில் தூக்கிப் பிடித்துப் பாட்டுப் போட்டுக் காட்டினார். கொசு பாடுவதுபோல இருந்தது. பின்னால் காற்று அடைபட்டால்தான் கனமாக வரும் என்று அதை ஓர் அண்டாவின் வாயில் கவிழ்த்தார். சத்தம் கொஞ்சம் தேறியது. அவ்வளவுதான், நானும் இசபெல்லாவும் பாத்திரங்களை எல்லாம் கொண்டுவந்து அடுக்கிவிட்டோம். பித்தளைத் தவலை கணகணவென்று கூடவே பாடியது. எவர்சில்வர் குடம் காதைக் கீறியது. மண்பானையில் வைத்தபோதுதான் பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. சுவருக்குப் பானை சரி, தளத்தின் கனத்துக்குள் பானை அடங்காது, வேண்டுமானால் ஒரு மீன் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கான்கிரீட் போடலாம் என்றார் சுப்ராயன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போய், காய்ந்த சட்டிகளை எல்லாம் எடுத்து விரலால் தட்டித் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தோம். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன மீன் ஆக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். இதில் ஒன்றும் கொதிக்காது, பாடத்தான் போகிறது என்றாள் இசபெல்லா. அவர் சட்டிகளைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

வரும் வழியில்தான் கேட்டேன், மிச்சமிருக்கும் ஒன்றைப் படுக்கிற அறையில்தானே வைக்கப் போகிறாய் என்று. அவள் சட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டு, அடுப்படியில் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டிலும் எல்லோரும் சிரித்தார்களாம். புளிக்குழம்பு பாட்டுக் கேட்குமா என்று லூர்துநாதன் கேட்டானாம்.

“நெனச்சுப் பாருங்கக்கா,” என்றாள். “படுக்கிற ரூம்ல அத்தையும் படுப்பாங்க, செல்வியும் படுப்பா. பகல்ல போய் நான் கதவச் சாத்துனா தெருவே கேக்கும். அடுப்படிக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. நான் உள்ள போய் மூணு மணி நேரம் நின்னாலும் ஏன்னு யாராச்சும் கேப்பாங்களா?”

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

தளம் போட்ட அன்று அவள் பலகைமேல் ஏறி நின்று, அடுப்படிக்கு நேராகச் சட்டியைத் தன் கையாலேயே கவிழ்த்து வைத்தாள். சித்தாட்கள் கலவைச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து கொட்டினார்கள். வராந்தாவுக்கும் அடுப்படிக்கும் மேலே, அந்த இரண்டு இடத்தில் மட்டும் மொட்டை மாடி கொஞ்சம் புடைத்திருக்கும்.

எண்பத்திரண்டு தை மாதம் புதுமனை. பங்குச் சாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் இளையபெருமாள் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். கூடம், வராந்தா, அடுப்படி எல்லாம் ஒரே நேரத்தில் பாடின. பந்திக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு சுவரைத் தடவிப் பார்த்தார்கள். இசபெல்லா இலை போட்டுக்கொண்டிருந்தவள் மெதுவாக அவரிடம் வந்து, அடுப்படியில் மட்டும் கேட்கவேண்டுமென்றால் எந்த ஸ்விட்ச் என்று கேட்டாள்.

இளையபெருமாளுக்குக் கேள்வியே புரியவில்லை. வாழ்நாள் முழுக்க அவரிடம் எல்லோரும் இன்னும் ரெண்டு குழாய் கட்டு, இன்னும் தள்ளிக் கட்டு, அந்தத் தெருவுக்கும் கேட்கணும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குழாயை நிறுத்து என்று ஒருவரும் சொன்னதில்லை. அதனால் திருவிழாவுக்கு இழுப்பதுபோலவே நான்கையும் ஒரே லைனில் கோத்து, ஒயரைச் சுவருக்குள் புதைத்துப் பூசியும் ஆகிவிட்டது. தனித்தனியாக வேண்டுமென்றால் கூடத்துச் சுவரைக் கொத்த வேண்டும் என்றார். அதைக் கேட்ட மாமியார் கொதித்துப்போனாள். சாமியார் மந்திரித்த ஈரம் காயவில்லை, அதற்குள் சுவரைக் கொத்துவதா என்றாள். மந்திரித்த சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டேன் என்றாள். வராந்தாவை நிறுத்தினால் தெருவில் என்ன மரியாதை என்றான் லூர்துநாதன். எதற்காகக் கேட்கிறாய் என்று மட்டும் யாரும் இசபெல்லாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பாயசம் பரிமாறப் போனாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மைக் செட்டைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது. சாயங்காலம் இசபெல்லா எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த பாயசத்தை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்காக அந்த வருஷங்களைத் துக்கமான வருஷங்கள் என்று சொன்னால் அவளே என்னை அடிக்க வருவாள். காலையில் இலங்கை வானொலி அடுப்படிக் கூரையிலிருந்து பாடும், அவள் கூடவே பாடிக்கொண்டு இட்லி ஊற்றுவாள். செல்விக்குப் புதுச்சேரியில் நல்ல இடம் அமைந்தது. கேசட் வந்தால் முன்போல நெருக்கியடித்து உட்கார வேண்டியதில்லை. தெருவில் நின்றே கேட்டார்கள். மரியசூசையின் குரல் முன்னைவிடக் கனமாக, மண்பானைக்குள்ளிருந்து வந்தது. அவர் கடைசியில் உடம்பைப் பார்த்துக்கொள் என்பதை அவள் தோசைக் கரண்டியோடு தலையைத் தூக்கிக் கேட்பாள். அது ஊருக்கே கேட்கும். மறு பக்கம் இரைச்சலாகவே இருந்தது.

எண்பத்தைந்து கடைசியில் மரியசூசை பென்ஷன் வாங்கிக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். தெருவே போய் வரவேற்றது. அவள் அன்று கட்டியிருந்த புடவையும் முகத்தில் இருந்த சிரிப்பும் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன.

வந்தவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவார், தாயாரைக் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவார், எல்லோரிடமும் நல்லவர். ஆனால் வாய் திறந்து நாலு வார்த்தை கோத்தாற்போல் பேச மாட்டார். கேசட்டில் பனி கொட்டியதை அரை மணி நேரம் சொன்ன மனுஷனிடம் ‘ம்’ தவிர ஒன்றும் இல்லை. இசபெல்லா பக்கத்தில் போய் உட்கார்ந்தால் காப்பி கிடைக்குமா என்பார். காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றால் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். கூட்டிப் பார்த்தால் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் ஒரு வருஷம்கூடத் தேறாது. புருஷன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற புதுசுகள் மாதிரி இருந்தார்கள். இரண்டு பேருக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

“பேசுன ஆள அங்கயே வச்சிக்கிட்டு, இவங்கள அனுப்பிட்டாங்க போலருக்குக்கா,” என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நானாக இருந்தால் நாற்காலியைக் கவிழ்த்திருப்பேன். அவள் தை, மாசி பொறுத்தாள். ஒரு நாள் அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, நல்ல ஸ்பீக்கரை யாராவது இந்தப் புகையில் கொண்டுவந்து வைப்பார்களா என்று கேட்டாராம். அத்தனை மாதத்தில் அவராக வாய் திறந்து கேட்ட கேள்வி அது. அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். திரைச்சீலை, மாமியார் கேட்ட கேள்வி, மீன் சட்டி, ஒரே லைன், எல்லாம். நீங்கள் எனக்காகப் பேசுவதை நான் ஒருத்தி மட்டும் கேட்பதற்காகத்தான் அதை அங்கே வைத்தேன் என்று சொல்லிவிட்டு, பானையில் அரிசியைக் களைந்து போட்டாளாம். அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு ‘ம்’ என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

மறு வாரம் பார்த்தால் மரியசூசை ஏணிமேல் நிற்கிறார். வராந்தா ஸ்பீக்கரைக் கழற்றுகிறார். கூடத்தில் இரண்டும் ஏற்கெனவே கழன்று துணியில் கிடந்தன. கடற்காற்றில் துரு ஏறிவிட்டது, ரிப்பேர் என்றார். லூர்துநாதன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பார்த்து இறங்கு என்றாள் மாமியார். மருமகள் கேட்டபோது மந்திரித்த சுவர். மகன் கை வைத்தால் ரிப்பேர். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். அந்தத் துணியில் துருவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மாதா கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு என்று மாமியாரும் லூர்துநாதன் குடும்பமும் போயிருந்தார்கள். கொல்லை முருங்கையில் கீரை ஒடித்தேன், கொடுத்துவிட்டு வரலாம் என்று பின்பக்கமாக இசபெல்லாவின் அடுப்படிக்குப் போனேன். ஸ்டவ்வில் கத்தரிக்காய்க் குழம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது. அவள் உப்புப் பார்க்கக் கரண்டியைத் தூக்கினாள். அப்போது மேலே சட்டிக்குள் ஏதோ கரகரத்தது. தொண்டையைச் செருமும் சத்தம்.

“இசபெல்லா.”

அவள் கரண்டியோடு வாசல்படிப் பக்கம் திரும்பினாள்.

“வெளில வந்துடாத, அங்கயே இரு,” என்றது கூரை. “நீ எதிர்ல நின்னா எனக்குப் பேச்சு வரல. இத்தன வருசமா ஒரு சின்ன மைக்கப் பாத்துப் பாத்தே ஒங்கிட்ட பேசிட்டேன். பேச வேணாம்னு நீ சொல்லி அனுப்புனதுக்கப்புறம் சொல்லாம வச்சதெல்லாம் இருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன். கேக்கிறியா?”

கேட்கிறேன் என்று அவள் சொன்னாள். அது கூடத்தில் மைக்கோடு இருந்தவர் வரை போயிருக்காது. பதிலுக்குக் காத்திருந்தவர்போல அவர் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். பழைய கேசட் குரல், அதே மரியசூசை. முதல் தடவை அவளை விட்டுவிட்டுப் போன அன்று விமானத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினார்.

அவ்வளவுதான் நான் கேட்டது. கீரையை ஓசைப்படாமல் தரையில் வைத்தேன். இசபெல்லா என்னைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. கொல்லைக் கதவை வெளியிலிருந்து நானே இழுத்துச் சாத்தினேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். சிலுவைப்பாதை முடிகிற நேரம் நெருங்கியபோது, தெருவைத் தாண்டிக் குழம்பு தீய்ந்த வாசனை வந்தது. போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்லவில்லை.